செச்சோவ்லியே உப்பள அருங்காட்சியகம்: வீட்டைவிடத் தரையைப் பாருங்கள்

கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய பலகையும் கூடையும் வைத்து, சுவரில் நாலு படம் மாட்டியிருப்பார்கள் என்ற எண்ணத்தோடு செச்சோவ்லியேக்குப் போக வேண்டாம். ஸ்லோவேனியாவின் தென்மேற்கு மூலையில், டிராகோன்யா ஆறு ஏட்ரியாட்டிக் கடலில் கலக்கும் இடத்தில், குரோவேஷிய எல்லையை ஒட்டிக் கிடக்கிறது இந்த உப்பளம். அருங்காட்சியகம் அளத்துக்கு நடுவிலேயே இருக்கிறது. பீரான் நகரத்தின் செர்கேய் மஷேரா கடல்சார் அருங்காட்சியகம் 1991இல் இதைத் தொடங்கியது. உப்பு விளைவிக்கும் குடும்பங்கள் தங்கிய, இடிந்து கிடந்த உப்பு வீடுகளில் சிலவற்றை எடுத்துக் கட்டி, பக்கத்துப் பாத்திகளையும் ஜாசி கால்வாயையும் பழையபடி புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2003இல் மரபுச் சின்னங்களைக் காப்பதற்கான ஐரோப்பா நோஸ்ட்ரா விருது கிடைத்தது, தகுதியான விருதுதான். வீடு, கால்வாய், பாத்தி மூன்றும் சேர்ந்துதான் இங்கே காட்சிப்பொருள். அதில் தலையானது பாத்தியின் தரை. வீட்டைப் படமெடுத்துக்கொண்டு தரையைக் கவனிக்காமல் திரும்பினால் வந்ததே வீண்.

முதலில் வழி. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். உப்பளம் இரண்டு பகுதி. வடக்கே லேரா, அங்கே இன்றைக்கும் உப்பு விளைகிறது. தெற்கே ஃபொன்டானிஜே, 1960களில் உற்பத்தி நின்றுபோன பகுதி. இரண்டையும் கால்வாய் பிரிக்கிறது, வாசலும் தனித்தனி. உப்பளத்தின் பெயரை மட்டும் கைப்பேசி வரைபடத்தில் போட்டால் அது லேரா வாசலில் கொண்டுபோய் விடலாம். அருங்காட்சியகமோ ஃபொன்டானிஜேயில் இருக்கிறது. அந்த வாசல் செச்சோவ்லியே எல்லைச் சாவடிப் பக்கம், குரோவேஷியாவுக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால். 2023 ஜனவரியில் குரோவேஷியா, எல்லைச் சோதனை இல்லாமல் நாடுவிட்டு நாடு போகவிடும் ஷெங்கன் வளையத்துக்குள் வந்துவிட்டாலும், கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது; இடையிடையே சோதனை நடப்பதுண்டு. வாசலிலிருந்து அருங்காட்சியகத்துக்குச் சுமார் 3 கிலோமீட்டர் நடை. பாதை சமதளம், ஆனால் பெயருக்குக்கூட நிழல் கிடையாது. தொப்பியும் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரும் அவசியம். குளிர்காலத்தில் வீடுகளைத் திறப்பதில்லை. எனவே கிளம்பும் முன் திறந்திருக்கும் நாட்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் நுழையும் முன்பே தண்ணீரின் ஓட்டத்தைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமாகப் பிடிபடும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் சமையல் உப்பு 27 கிராம் அளவுதான். மீதி கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் சேர்ந்த உப்புகள். இவை எல்லாம் ஒரே நேரத்தில் பிரிவதில்லை. பாத்திகளை வரிசையாக அமைத்ததற்குக் காரணமே அதுதான். செறிவை அளக்க மிதவைமானி ஒன்றை நீரில் விடுவார்கள்; அளவு போமே பாகையில். கடல்நீர் 3.5 பாகை. நீர் ஒவ்வொரு பாத்தியாக நகர நகர வெயிலும் காற்றும் அதைச் சுண்டவைக்கின்றன. முதலில் சுண்ணாம்பு படியும். 13 பாகையை எட்டும்போது ஜிப்சம் பிரியத் தொடங்கும். 25, 26 பாகைக்கு வந்தால்தான் உப்பு பூக்கும். அப்போது தொடக்கத்தில் இருந்த நீரில் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். ஆவியாக்கும் பாத்திகள் உப்பு விளையும் பாத்திகளைவிட எத்தனையோ மடங்கு பரந்து கிடப்பது ஏன் என்பதற்கு இந்தக் கணக்கே பதில்.

எங்கே நிறுத்துவது என்பதும் முக்கியம். 28, 29 பாகையைத் தாண்ட விட்டால் மெக்னீசிய உப்புகளும் சேர்ந்து படிய ஆரம்பிக்கும். உப்பு கசக்கும், காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். அதற்கு முன்பே எஞ்சிய கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். ஒரு கன மீட்டர் கடல்நீரில் 27 கிலோ உப்பு இருந்தும் கைக்கு அவ்வளவு வராததற்கு இது ஒரு காரணம்; தரை வழியே கசிவது இன்னொரு காரணம்.

அந்தத் தரைக்கு வருவோம். தூத்துக்குடிப் பக்கம் அளம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: களிமண்ணைக் காலால் மிதித்து இறுக்கித்தான் பாத்தியின் தரையைத் தயார் செய்வார்கள். உப்பு வாரும்போது பலகை கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மண்ணும் சேர்ந்து வந்துவிடும். பீரான் பகுதியில் இந்தச் சிக்கலுக்கு வேறொரு தீர்வு கண்டார்கள். குரோவேஷியாவின் பாக் தீவிலிருந்து 14ஆம் நூற்றாண்டில் வந்த முறை அது. மண்ணின் மேல் உயிருள்ள ஒரு படலத்தை வளர்க்கிறார்கள். அதன் பெயர் பெட்டோலா. நீலப்பசும்பாசி நுண்ணுயிரிகள் மெல்லிய இழைகளாகப் பின்னிக்கொள்ள, ஜிப்சமும் களிமண் துகளும் அந்தப் பின்னலில் சிக்கி ஒன்றாகப் பிடித்துக்கொள்கின்றன. சில மில்லிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை கனம் இருக்கும். கீழே கடல் சேறு, மேலே வெள்ளை உப்பு. நடுவில் இந்தப் படலம் இருப்பதால் இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இங்கே விளையும் உப்பைக் கழுவாமலே விற்க முடிவது இதனால்தான்.

பெட்டோலா தானாக நிலைத்து நிற்காது. வசந்தத்தின் தொடக்கத்தில் பாத்தியைச் சுத்தம் செய்து, உருளையால் தரையைச் சமப்படுத்தி, படலம் மறுபடி இறுகும் வரை நீரின் அளவைப் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டும். குளிர்காலத்தில் காய்ந்து வெடித்துவிடாமல் கடல்நீரால் மூடி வைப்பார்கள். அளத்தைக் கைவிட்டால் முதலில் சாவது இதுதான். ஃபொன்டானிஜே பாதை நெடுக அதைக் கண்கூடாகக் காணலாம்: வரப்பு உடைந்த பாத்திகளில் சேறு ஏறி, உவர்நிலச் செடிகள் மண்டிக் கிடக்கின்றன. அங்கிருந்து அருங்காட்சியகப் பாத்தியின் ஓரத்துக்கு வந்ததும் குனிந்து பாருங்கள். தெளிந்த நீருக்கடியில் பழுப்பும் சாம்பலுமாக, சுருக்கமில்லாமல் ஒரு பரப்பு தெரியும். கைவிட்ட பாத்திக்கும் காத்த பாத்திக்கும் உள்ள வேறுபாட்டை இத்தனை பக்கத்தில் வைத்துக் காட்டும் இடம் அரிது. பாத்திக்குள் மட்டும் கால் வைத்துவிடாதீர்கள். சாதாரணச் செருப்பின் ஒரு மிதி போதும், படலம் கிழிந்துவிடும். கிழிந்த இடத்தில் அடுத்த விளைச்சல் சாம்பல் நிறத்தில்தான் வரும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போனால் கருவிகள் பேசத் தொடங்கும். டபெரினி எனப்படும் மரக்காலணியைத் தேடிப் பாருங்கள்: தட்டையான பலகை அடி, மேலே பட்டை, அவ்வளவுதான். உடல் எடையைப் பரப்பி இறக்கி, படலத்தில் குதிகால் பதியாமல் காப்பது அதன் வேலை. காவெரோ எனும் வாருபலகையையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். நீண்ட கைப்பிடி, அகன்ற மரப்பலகை, உலோகம் கிடையாது. உப்பை அது சுரண்டுவதில்லை, தள்ளுகிறது. உப்பு கெட்டிப்படும் முன்பே, மேலே நீர் நிற்கும்போதே வார வேண்டும். அப்போதுதான் உப்பு தரையைவிட்டுச் சுலபமாக நகரும். தள்ளிய உப்பை முதலில் பாத்திக்குள்ளேயே சிறு குவியலாக்கி நீர் வடிய விட்டு, பிறகு கரையேற்றிக் கிடங்குக்குக் கொண்டுபோவார்கள். காற்றாலைப் பம்பின் முன்னாலும் சற்று நில்லுங்கள். மேல்நிலைப் பாத்திக்கு நீரை ஏற்றுவதற்கு மட்டுமே அது வேண்டும். மற்றபடி கடலின் ஏற்றவற்றமும் மதகும் சரிவும் பார்த்துக்கொள்ளும்.

உப்பு வீடு எளிமையான கட்டடம். கல் சுவர், இரண்டு தளம். கீழே உப்புக் கிடங்கு, மேலே குடும்பம் வாழும் அறைகள். கதவும் சன்னலும் இரு பக்கமும் வைத்திருக்கிறார்கள். கால்வாய்ப் பக்கம் படகில் ஏற்ற, பாத்திப் பக்கம் உப்பை உள்ளே கொண்டுவர. சன்னல்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. எந்தத் திசையில் மேகம் திரண்டாலும் மாடியிலிருந்தே தெரிந்துவிடும். ஏப்ரல் 24, புனித ஜார்ஜ் திருநாளன்று பீரானிலிருந்து குடும்பத்தோடு கிளம்பி வந்து, ஆகஸ்ட் 24, புனித பர்த்தலோமேயு திருநாள் வரை இங்கேயே தங்குவது மரபு. மாடியில் அடுப்பும் படுக்கையும் பாத்திரமும் அந்த வாழ்க்கையின் அளவைக் காட்டுகின்றன: எல்லாமே கொஞ்சம், எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில்.

மழையைப் பற்றி இங்கே எவ்வளவு சொன்னாலும் தகும். கோடையிலேயே இடியோடு மழை கொட்டும் கடற்கரை இது. ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சதுர மீட்டருக்குப் பத்து லிட்டர் நன்னீர். ஒரு லிட்டர் நன்னீர் 360 கிராம் உப்பு வரை கரைக்கும். அப்படியானால் அரைமணி நேர மழை ஒவ்வொரு சதுர மீட்டரிலும் மூன்றரைக் கிலோ உப்பைக் கொண்டுபோக வல்லது. அதனால்தான் விளைந்ததை விளைந்த அன்றே வாரிவிடும் வழக்கம் இங்கே வேரூன்றியது. வாரக் கணக்கில் படிய விட்டுக் கெட்டியாக வெட்டி எடுக்கும் முறை இந்த வானத்துக்கு ஒத்துவராது. செறிவு ஏறிய நீரையும் மழைக்கு முன்பே ஆழமான குழிகளுக்கு இறக்கிவிடுவார்கள். குழியின் வாய் சிறியது, விழும் மழையும் குறைவு. மறுநாள் அதே நீரைத் திரும்பப் பாத்தியில் ஏற்றிக்கொள்ளலாம். பாத்திக்குப் பக்கத்தில் குழியைப் பார்த்தால் வெறும் பள்ளம் என்று கடந்துவிடாதீர்கள். பல வார வெயிலின் உழைப்பைக் காப்பாற்றி வைக்கும் இடம் அது.

அருங்காட்சியகத்தை மட்டும் பார்த்தால் போதுமா? போதாது. வீடும் கருவியும் ஏன் அப்படி இருக்கின்றன என்பது இங்கே விளங்கும். தொழில் முழு வீச்சில் நடப்பதைப் பார்க்க லேராவுக்கும் போக வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், இரண்டு மூன்று நாள் மழையில்லாமல் காற்றடித்த பிறகு போனால் உப்பு வாருவதைப் பார்க்க வாய்ப்பு அதிகம். மழை பெய்த மறுநாள் போகாதீர்கள். பாத்தியில் வெறும் தண்ணீர்தான் நிற்கும். ஒரே நாளில் இரண்டையும் பார்ப்பவர்கள் காலையில் ஃபொன்டானிஜே, பிற்பகலில் லேரா என்று வைத்துக்கொண்டால் நீண்ட நடை வெயில் ஏறுமுன் முடிந்துவிடும். பறவை பார்ப்பவர்களுக்கு இது தனிப் பயணமாகவே தகும். 1993இல் ஸ்லோவேனியாவின் முதல் ராம்சார் தளமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட இடம் இது.

உப்பு வாங்குவது பற்றி. பீரான் உப்பு என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பிறப்பிடப் பாதுகாப்பு உண்டு. சாதாரண உப்பும் இருக்கிறது, உப்புப் பூவும் இருக்கிறது. காற்று அடங்கிய நேரத்தில் நீரின் மேற்பரப்பில் மிதக்கும் மெல்லிய படிகம்தான் உப்புப் பூ. மூழ்குமுன் மேலாக அரித்து எடுக்கிறார்கள். விலை கூடுதல். கொதிக்கும் குழம்பில் போட்டால் அந்தப் படிகமே கரைந்துவிடும், கொடுத்த காசு வீண். பரிமாறும்போது மேலே தூவினால்தான் அதன் மொறுமொறுப்பு நாக்குக்குத் தெரியும். அன்றாடச் சமையலுக்குச் சாதாரண உப்பே போதும். இரண்டிலும் இயல்பான ஈரம் இருக்கும், அது குறையல்ல. கண்ணாடி அல்லது பீங்கான் சாடியில் வையுங்கள். இரும்பு மூடி துருப்பிடிக்கும், துளையிட்ட மேசைக் குப்பியில் போட்டால் அடைத்துக்கொள்ளும். கடல் உப்பில் அயோடின் இயல்பாகவே மிகக் குறைவு. எனவே உறையில் அயோடின் சேர்த்ததாகக் குறிப்பிடாத உப்பை வீட்டின் முழுத் தேவைக்கும் மாற்றாக்கிவிட வேண்டாம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உள்ள வீட்டில் அயோடின் உப்பு தொடரட்டும்.