வேற்று லென்ஸ், பெரிய சென்சார்: எதை மாட்டினால் லாபம்?

மீடியம் ஃபார்மட் டிஜிட்டல் கேமராவில், அதாவது ஃபுல் ஃப்ரேமைவிட (36 × 24 மி.மீ.) பெரிய சென்சார் கொண்டதில், வேறு கேமராவின் லென்ஸை மாட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, “மூலை கறுக்குமா?” என்றுதான். எனக்கு அது இரண்டாவது கேள்வி. அந்த லென்ஸ் தருவது இந்தக் கேமராவின் சொந்த லென்ஸில் கிடைக்காத ஒன்றா என்பதுதான் முதல் கேள்வி. அப்படிப் பார்த்தால், கச்சிதமாகப் பொருந்தும் என்று எல்லோரும் நம்பும் லென்ஸ் பின்தங்கி, பொருந்தாது என்று ஒதுக்கும் லென்ஸ் முன்னே வந்துவிடுகிறது.

கேமராவிலிருந்து ஆரம்பிக்கலாம். பென்டாக்ஸ் 645டி, 645இசட் இரண்டும் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே கண்ணாடி வைத்த கேமராக்கள். லென்ஸ் பூட்டும் வாயான மவுன்ட்டிலிருந்து சென்சார் வரை 70.87 மி.மீ. தூரம். அதைவிட அதிக தூரத்துக்குச் செய்த லென்ஸ்தான் அதில் உட்காரும். பென்டாக்ஸ் 67 லென்ஸ் சரி, 35 மி.மீ. கேமராவின் லென்ஸ் எதுவும் இன்ஃபினிட்டிக்குப் போகாது, அதாவது தொலைவில் இருப்பது ஃபோகஸ் ஆகாது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஹாசல்பிளாட் எக்ஸ் வரிசையில் இந்தத் தூரப் பிரச்சினை இல்லை, ஆனால் வேறு சிக்கல். அதன் ஷட்டர் கேமராவில் இல்லை, லென்ஸுக்குள் இருக்கிறது. ஷட்டர் இல்லாத லென்ஸை மாட்டினால் எலக்ட்ரானிக் ஷட்டர் ஒன்றுதான் கதி. எக்ஸ்1டி-யில் சென்சாரை மேலிருந்து கீழ்வரை படித்து முடிக்கக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நொடி ஆகும். நடந்து போகிறவர் சாய்ந்து தெரிவார், எல்இடி வெளிச்சத்தில் வரிவரியாகப் பட்டை விழும், ஃப்ளாஷ் வேலை செய்யாது. டிரைபாடில் வைத்து மலையை எடுப்பவருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. ஹாசல்பிளாட்டின் சொந்த எச்.சி. (HC) லென்ஸ்கள் மட்டும் விதிவிலக்கு: எக்ஸ்எச் அடாப்டரில் (லென்ஸையும் கேமராவையும் இணைக்கும் வளையம்) அவற்றின் உள்ஷட்டர் அப்படியே இயங்கும்.

ஃப்யூஜிஃபில்ம் ஜிஎஃப்எக்ஸில் ஷட்டர் கேமராவிலேயே இருக்கிறது. 1/4000 நொடி வரை போகும், 1/125-ல் ஃப்ளாஷ் சேரும். மவுன்ட் தூரம் 26.7 மி.மீ.தான். 2019-ல் வந்த ஜிஎஃப்எக்ஸ் 100-லும் அதன் பின் வந்த 100எஸ், 50எஸ் மார்க் 2 போன்றவற்றிலும் கை நடுக்கத்தைத் தாங்கும் சென்சார் வேறு. அது சரியாக வேலை செய்ய, மெனுவில் லென்ஸின் ஃபோக்கல் லெங்த்தை நாமே பதிய வேண்டும். மறந்துவிட்டு ஒரு நாள் முழுக்க 135-ஐ 50 என்று நினைத்துக்கொண்டிருந்த கேமராவோடு சுற்றியிருக்கிறேன். ஆக, வேற்று லென்ஸ்தான் ஆசை என்றால் ஜிஎஃப்எக்ஸ். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

இனி லென்ஸ். சென்சார் 43.8 × 32.9 மி.மீ., மூலைவிட்டம் சுமார் 55. ஃபுல் ஃப்ரேமுக்கு 43. லென்ஸ் விழுத்தும் ஒளிவட்டம் இந்த மூலைவிட்டத்தைவிடச் சிறியதானால்தான் மூலை கறுக்கும். ஃபிலிம் காலத்து ஹாசல்பிளாட் 6×6 லென்ஸ் விழுத்தும் வட்டமோ 80 மி.மீ. அளவுக்கு வரும். காகிதத்தில் யார் ஜெயிப்பார் என்று சொல்லவே வேண்டாம். ஆனால் மாட்டி எடுத்துப் பார்த்தால் கதை மாறுகிறது.

பழைய ஹாசல்பிளாட் 80 மி.மீ. எஃப்/2.8-ஐ எடுத்துக்கொள்ளுங்கள் (எஃப் எண் சிறியதானால் லென்ஸ் அதிகம் திறக்கும்). ஜிஎஃப்எக்ஸில் அதன் பார்வை ஃபுல் ஃப்ரேமின் 63 மி.மீ. எஃப்/2.2 மாதிரி. மூலை வரை வெளிச்சம் வரும், நல்லதுதான். ஆனால் ஃப்யூஜியின் சொந்த 80 மி.மீ. எஃப்/1.7 அதைவிடத் திறந்த லென்ஸ், கூடவே ஆட்டோஃபோகஸ். மாமியா 645-இன் பேர்போன 80 எஃப்/1.9-கூட அதற்கு ஒரு படி கீழேதான். 100 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சல் 3.76 மைக்ரான், பழைய லென்ஸை முழுதாகத் திறந்தால் அந்த நுணுக்கத்துக்கு ஈடுகொடுக்கத் திணறும்.

இன்னொன்று, பெரிய வட்டமே ஒரு தொல்லை. ஹாசல்பிளாட் வி, அதாவது அதே 6×6 லென்ஸுக்கான அடாப்டர் 48 மி.மீ. நீளக் குழாய். சென்சாருக்கு வெளியே விழும் வெளிச்சம் குழாயின் சுவரில் பட்டுத் திரும்பி வரும். ஜன்னலோரம் எடுத்த முகங்களெல்லாம் பால் கலந்தாற்போல வெளுத்து வந்தபோது நான் லென்ஸைத்தான் திட்டினேன். பிறகு லென்ஸைக் கழற்றி, குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன்: கறுப்புப் பெயின்ட் எவர்சில்வர் மாதிரிப் பளபளத்தது. கறுப்பு வெல்வெட் துணியை வெட்டி உள்ளே ஒட்டியதும் கறுப்பு கறுப்பாக வந்தது.

இப்போது ஒதுக்கப்பட்ட பக்கம். கேனான் இஎஃப் 85 மி.மீ. எஃப்/1.2, ஜிஎஃப்எக்ஸில் ஏறக்குறைய ஃபுல் ஃப்ரேமின் 67 மி.மீ. எஃப்/0.95 ஆகிறது. ஃப்யூஜியின் சொந்த ஜிஎஃப் லென்ஸ் வரிசையில் இதற்கு இணையே இல்லை. 135 எஃப்/2-வும் அப்படித்தான், மூலை பெரிதாக இருட்டாது. பொதுவாக 85-க்கு மேல் போகப்போக நம்பிக்கை கூடும். 50-க்குக் கீழே லாட்டரி. ஜூம்களை நான் முயல்வதையே விட்டுவிட்டேன்.

மூலையைச் சோதிக்கும்போது பலரும் ஏமாறுவது ஒரு இடத்தில்தான். ஒரு 50 எஃப்/1.4-ஐ வெள்ளைச் சுவருக்குக் காட்டுங்கள். முழுதாகத் திறந்திருந்தால் ஓரம் மெல்ல மங்கும், கண்ணை உறுத்தாது. எஃப்/8-க்குச் சுருக்கினால் மங்கல் போய்விடும் என்றுதானே நினைப்போம்? அந்த மங்கலே கூர்மையான கறுப்பு வில்லாக மூலையில் உட்காரும். தூரத்தில் ஃபோகஸ் செய்தால் வட்டம் இன்னும் சிறுத்துவிடும். அதனால் திறந்து வைத்துக் கிட்டத்து முகத்தை எடுப்பவருக்குப் பிடித்துப்போகும் அதே லென்ஸை, சுருக்கி நிலக்காட்சி எடுப்பவர் குப்பை என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஹூடையும் ஃபில்டரையும் கழற்றிவிட்டுச் சோதியுங்கள், பாதிக் கறுப்பு அவற்றுடையதாக இருக்கும்.

கறுத்தாலும் வழி இருக்கிறது. சதுரமாக வெட்டினால் 32.9 × 32.9, மூலைவிட்டம் 46.5 மி.மீ. ஃபுல் ஃப்ரேமின் 43-ஐ ஏறக்குறைய தொட்டுவிட்டோம். 100 மெகாபிக்சலில் அந்தச் சதுரம் மட்டுமே 76 மெகாபிக்சல்.

லைக்கா எம் லென்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அடாப்டருக்குக் கிடைக்கும் இடம் வெறும் 1.1 மி.மீ. வைட் லென்ஸ்களில் பின்கண்ணாடி சென்சாரை ஒட்டி நிற்பதால் ஒளி சரிந்து விழுந்து ஓரம் குழம்பும், நிறமும் மாறும். 75, 90 இருந்தால் மாட்டிப் பாருங்கள்.

கட்டடம் எடுப்பவர்களுக்குத்தான் உண்மையான வேட்டை. கேனான் டிஎஸ்-இ 17, 24 மார்க் 2 (கட்டடம் சாயாமல் எடுக்க லென்ஸையே நகர்த்தும் ஷிஃப்ட் லென்ஸ்கள்) இரண்டும் 67.2 மி.மீ. வட்டம் விழுத்துபவை. கணக்குப் போட்டால், ஜிஎஃப்எக்ஸில் குறுக்குவாட்டில் வைத்து மேலே 9 மி.மீ. வரை நகர்த்த இடம் மிஞ்சுகிறது. 17 மி.மீ. ஃபுல் ஃப்ரேமின் 13 மி.மீ. பார்வையைத் தரும். ஃப்யூஜியின் சொந்த ஷிஃப்ட் லென்ஸ் 30 மி.மீ.யில்தான் தொடங்குகிறது. ஃபிலிம் லென்ஸை ஷிஃப்ட் அடாப்டரில் போடலாமே என்றால், ஹாசல்பிளாட்டின் 50 இங்கே 40 ஆகிவிடும். சின்ன அறைக்குள் அதை வைத்துக்கொண்டு சுவரில் முதுகை ஒட்டி நிற்க வேண்டியதுதான்.

அடாப்டர் வாங்கும்போது ஒன்று: இஎஃப் லென்ஸில் அப்பர்ச்சர் வளையம் கிடையாது. வெறும் உலோக வளையம் வாங்கினால் லென்ஸ் திறந்தே கிடக்கும். ஃப்ரிங்கர், டெக்ஆர்ட் போன்ற எலக்ட்ரானிக் அடாப்டர்தான் அப்பர்ச்சரையும் ஆட்டோஃபோகஸையும் கேமராவின் கைக்குக் கொண்டுவரும். பழைய மேனுவல் லென்ஸ் என்றால் சாதா வளையமே போதும். ஆனால் மாட்டியதும் லென்ஸைப் பிடித்து லேசாகத் திருகிப் பாருங்கள், ஆடினால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.