சிறைவாசிகள் நடத்தும் பெட்ரோல் பங்க்: இரண்டு வருஷமாகப் போய்வருகிறேன்

எங்கள் ஊர் மத்திய சிறைக்கு வெளியே, மதிலை ஒட்டி, சிறைத்துறையும் இந்தியன் ஆயிலும் சேர்ந்து நடத்தும் 'ஃப்ரீடம்' பங்க் ஒன்று இருக்கிறது. பக்கத்திலேயே சிறை அங்காடி. எந்த ஊர் என்று சொல்லவில்லை. இதைப் படித்துவிட்டு யாராவது நேரே போய் அங்கே வேலை செய்கிறவரிடம் "என்ன பண்ணிட்டு உள்ள வந்தீங்க" என்று கேட்டுவிடக் கூடாது, அதுதான் காரணம். புழல், வேலூர், கோவை என்று தமிழ்நாட்டில் பல இடங்களில் இந்த பங்க் உண்டு, 2023இல் புழலில் பெண் சிறைவாசிகள் நடத்தும் பங்க்கும் திறந்தார்கள், அதனால் உங்கள் பக்கத்திலும் ஒன்று இருக்கலாம்.

முதலில் பெட்ரோல். அளவு சரியாக இருக்கிறது. எல்லோரும் சொல்கிறார்களே என்று நம்பிச் சொல்லவில்லை, ஒரு நாள் மதியம் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து ஐந்து லிட்டர் அளவுக் குவளையில் பிடித்துக் காட்டச் சொன்னேன் (எந்த பங்க்கிலும் நாம் இதைக் கேட்கலாம், கேட்பதற்குத்தான் கூச்சப்படுகிறோம்). மேற்பார்வைக்கு நின்ற வார்டர் முகம் சுளிக்காமல் எடுத்து வரச் சொன்னார், கோட்டுக்குச் சரியாக வந்து நின்றது. ஒவ்வொரு வண்டிக்கும் "ஜீரோ பாத்துக்கங்கக்கா" என்று சொல்லி, நாம் பார்க்கிறவரைக்கும் காத்திருந்துதான் நாசிலை அழுத்துகிறார்கள். இருநூறுக்குப் போடச் சொன்னால் நூற்றித் தொண்ணூற்றில் நிறுத்தி நிறுத்தி அடிக்கிற வேலை கிடையாது. சில்லறையை உள்ளங்கையில் எண்ணி வைக்கிறார்கள். ஜிபே போடலாம், ஆனால் அவர்களிடம் போன் இருக்காது, பெட்டி சத்தமாகச் சொல்லும்வரை நாம் நகரக் கூடாது.

அங்காடியில் ரஸ்க், பன், சோப்பு, துண்டு, போர்வை, செருப்பு எல்லாம் கிடைக்கும். ரஸ்க் அருமை, ஏலக்காய் தூக்கலாக இல்லாமல், டீயில் தொட்டால் உடனே உடைந்து விழாது. துண்டு முதல் மூன்று துவைப்புக்குச் சாயம் விடும், தனியாகத் துவையுங்கள். தோல் செருப்பு ஒன்று வாங்கினேன், ஐந்தாவது மாதத்தில் கட்டைவிரல் வார் பிய்ந்தது. திருப்பிக் கொண்டுபோனால் வேறு மாற்றித் தருவார்கள் என்று நினைத்தேன், வாங்கி உள்ளே கொடுத்து அடுத்த வாரம் தைத்துத் தந்தார்கள். அந்தத் தையலை நீங்கள் பார்க்க வேண்டும். மெழுகு தேய்த்த நூல், பின்பக்கத்திலிருந்து இரட்டையாக வந்து, ஒவ்வொரு துளைக்கும் நடுவே ஒரே இடைவெளி. பழைய மூன்று துளைகளையும் தொடாமல் கொஞ்சம் தள்ளிப் புதிதாகக் குத்தியிருந்தார்கள். யார் தைத்தார் என்று தெரியாது. ஒன்றரை வருஷமாக அந்த வார் அசையவில்லை.

குறைகளும் உண்டு. காற்றடிக்கும் குழாய் மூன்று மாதம் வேலை செய்யாமல் கிடந்தது. கழிப்பறை பாதி நாள் பூட்டியிருக்கும். செருப்பில் ஏழுக்குக் கீழே சைஸ் கேட்டால் "வரும்" என்பார்கள், வராது. இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்வதற்கு முன்னால் நான் ஏன் இந்த பங்க்குக்கு முதல் நான்கு வருஷம் போகவே இல்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

1998இல் என் சித்தப்பாவை வெட்டிக் கொன்றார்கள். கொன்றவர் எங்கள் பங்காளி, முறைக்கு எனக்குப் பெரியப்பா. வாய்க்கால் தண்ணீர் முறை, அன்றைக்கு யாருடைய மடை என்பதில் தகராறு. விடிகாலை நான்கு மணி, இருவரும் தண்ணீர் கட்டப் போனவர்கள், அதனால் இருவர் கையிலும் மண்வெட்டி. பெரியப்பா முந்தின ராத்திரி குடித்த போதை தெளியாமல் இருந்தார். சித்தப்பா அவருடைய அம்மாவை இழுத்து ஒரு வார்த்தை சொன்னாராம். அவ்வளவுதான். அதற்கு முந்தின பொங்கலுக்கு அதே பெரியப்பாதான் எனக்குக் கரும்பை முழங்காலில் வைத்து ஒடித்துக் கொடுத்தார். கோர்ட்டில் ஆயுள் கொடுத்தார்கள். 2008இல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி 1,405 ஆயுள் சிறைவாசிகளை விடுதலை செய்தபோது அவரும் வெளியே வந்தார். ஊருக்குத் திரும்பவில்லை, மகள் வீட்டோடு இருந்து செத்தும் போனார். சித்திக்கு அப்போது 31 வயது, இரண்டு பிள்ளைகள்.

அதனால் அந்த பங்க்கைத் திறந்தபோது அந்தப் பக்கம் போகவே எனக்குக் கை நடுங்கியது. அங்கே நிற்கிறவர்கள் விசாரணைக் கைதிகள் இல்லை, கோர்ட்டு தீர்ப்புச் சொல்லி முடித்த தண்டனைக் கைதிகள். நன்னடத்தை பார்த்து, தண்டனையில் பெரும்பகுதி கழித்தவர்களாகத்தான் வெளிவேலைக்கு அனுப்புவார்கள், அப்படியென்றால் அதில் கொலை வழக்கில் வந்தவர்களும் இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒரு நாள் மழையில் வண்டி ரிசர்வுக்கு வந்து, வேறு வழியில்லாமல் உள்ளே திருப்பினேன். ஐம்பது வயசு இருக்கும், ஒல்லியான ஆள். டாங்கில் தண்ணீர் போய்விடக் கூடாது என்று தன் இடது கையைக் குடை மாதிரி மேலே பிடித்துக்கொண்டு பெட்ரோல் போட்டார். மூடியை மூடிவிட்டு சீட்டில் இருந்த தண்ணீரையும் துண்டால் துடைத்தார். வீட்டுக்கு வந்து வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

குற்றம் செய்கிறவன் என்றால் நம் மனசில் ஒரு உருவம் இருக்கிறது, சினிமாவில் வருகிற மாதிரி, கண்ணைப் பார்த்தாலே தெரியும் என்று. இதற்குச் சட்டம், விஞ்ஞானம் என்று சட்டை மாட்டிவிட்டவர்களும் உண்டு. 1876இல் இத்தாலியில் செசாரே லொம்ப்ரோசோ என்ற மருத்துவர் மண்டை ஓட்டையும் தாடையையும் அளந்து, பிறவிக் குற்றவாளியை உடம்பைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம் என்று எழுதினார். அதற்கு ஐந்து வருஷம் முன்பே நம் நாட்டில் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்துவிட்டான், 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பக்கம் பெரியவர்கள் ரேகைச் சட்டம் என்பார்கள். ஒரு சாதியில் பிறந்தாலே போலீசில் ரேகை வைக்க வேண்டும், ராத்திரி வீட்டில் படுக்க முடியாது. பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்களை 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டார்கள், மாயக்காள் என்ற பெண்ணையும் சேர்த்து 16 பேர் செத்தார்கள். 1947இல்தான் அந்தச் சட்டம் இங்கே ஒழிந்தது. பிறப்பிலேயே குற்றம் இருக்கிறது என்று நம்பினால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு நமக்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை.

சரி, அப்போது யார்தான் செய்கிறார்கள்? தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் கொலைக்கான காரணத்தைத் தனியாகப் பட்டியல் போடுகிறது. 2022இல் நாடு முழுவதும் பதிவான கொலை வழக்குகள் 28,522. அதில் 9,962 தகராறுகள், அதாவது மூன்றில் ஒன்றுக்கும் மேல். முன்விரோதம் 3,761. பணத்துக்காக, ஆதாயத்துக்காக நடந்தவை 1,884. இந்த எண்ணைப் பார்த்த அன்று எனக்கு எங்கள் வாய்க்கால்தான் ஞாபகம் வந்தது. குடி, கோபம், கையில் ஒரு இரும்பு, விலக்கிவிட ஆள் இல்லாத நேரம், எல்லாம் ஒரே இடத்தில் கூடிவிட்டது. நான்கு மணிக்குப் பதிலாக ஏழு மணியாக இருந்து, டீக்கடையில் நாலு பேர் நின்றிருந்தால், சட்டையைப் பிடித்துக்கொண்டதோடு போயிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். திட்டம் போட்டுச் செய்கிறவனும் இருக்கிறான், கூலிக்கு வெட்டுகிறவனும் இருக்கிறான், குழந்தையைக் கெடுக்கிறவனும் இருக்கிறான், அவர்களை இந்தக் கணக்கில் சேர்த்துப் பேசவில்லை. எல்லாக் குற்றத்துக்கும் ஒரே காரணம் சொல்கிறவரை நான் நம்ப மாட்டேன்.

பெரியப்பாவுக்கு நான் சாக்குத் தேடுகிறேன் என்று நினைக்காதீர்கள். குடித்தவர் எல்லோரும் வெட்டுவதில்லை, அம்மாவைத் திட்டு வாங்கினவர் எல்லோரும் வெட்டுவதில்லை. கோர்ட்டில் அவர் கடைசிவரை "அவன்தானே முதல்ல பேசினான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். 1957இல் சைக்ஸ், மாட்சா என்று இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைத்தான் எழுதினார்கள்: தப்புச் செய்கிற ஆளுக்கும் அது தப்பு என்று தெரியும், அதனால்தான் 'என் மேல் தப்பில்லை', 'அவனுக்கு வேணும்', 'என் ஆளுங்களுக்காகச் செஞ்சேன்' என்று முதலில் தன் மனசாட்சியைச் சரிக்கட்டிக்கொள்கிறான். நாம் ஹெல்மெட் போடாமல் போலீசிடம் சொல்கிற காரணத்துக்கும் இதற்கும் வடிவம் ஒன்றுதான், எடைதான் வேறு.

அந்த ஒல்லியான மனிதரிடம் போன வருஷம் ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். காற்றடிக்கிற வரிசையில் கார்க்காரப் பையன் ஒருவன், இருபத்தைந்து வயசு இருக்கலாம், நேரமாகிறது என்று கத்த ஆரம்பித்து, கடைசியில் "ஜெயில் பயலுக்கு எவ்வளவு திமிரு" என்றான். அம்மாவையும் இழுத்தான். எனக்கு வயிறு கலங்கியது, நான் வாய்க்கால் கரையில் நிற்கிற மாதிரி இருந்தது. அவர் ஒரு நொடி நின்றார். குழாயை அதன் கொக்கியில் மாட்டினார், கையைத் துண்டில் துடைத்தார், வார்டர் இருக்கிற பக்கம் நடந்துபோய் அவரை அனுப்பினார். பிறகு என் வண்டிக்கு வந்து "ஜீரோ பாத்துக்கங்கக்கா" என்றார். குரல் மட்டும் கொஞ்சம் கம்மியிருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்: "இன்னும் ஏழு மாசம்க்கா."

அமெரிக்காவில் பாஸ்டனில் சீர்திருத்தப் பள்ளிக்குப் போன 500 பையன்களைப் பற்றி க்ளூக் என்ற தம்பதி சேர்த்து வைத்த காகிதங்கள் அட்டைப்பெட்டிகளில் ஹார்வர்டு நூலக அடித்தளத்தில் கிடந்தன. சாம்ப்சன், லாப் என்ற இருவர் பல பத்தாண்டுகள் கழித்து அவற்றை எடுத்து, அந்தப் பையன்களில் உயிரோடு இருந்தவர்களில் சிலரைக் கிழவர்களாகத் தேடிப் பிடித்துப் பேசினார்கள். சின்ன வயசில் ஒரே மாதிரி திருடித் திரிந்தவர்களில் பலர் விட்டுவிட்டதற்கு நிலையான வேலை, நல்ல கல்யாணம், ராணுவம் என்று இழக்க மனசில்லாத ஒன்று கையில் கிடைத்தது முக்கியமான காரணம் என்று கண்டார்கள். ஏழு மாசம் என்று அவர் சொன்னபோது எனக்குப் புரிந்தது அதுதான். எங்கள் பெரியப்பாவுக்கு அந்த விடிகாலையில் அப்படி ஒன்று கண்ணுக்கு முன்னால் தெரியவில்லை, தெரிந்திருக்க வேண்டியது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தது.

இனி அந்தப் பெரிய குறை. இங்கே வேலை செய்கிறவர்களின் கூலியில் ஒரு பகுதி பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கான நிதிக்குப் போகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் பங்க்கில் அதைப் பற்றி ஒரு பலகை கிடையாது. எவ்வளவு கூலி, எவ்வளவு பிடிப்பு, இந்த வருஷம் எத்தனை குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள், எங்கே மனுக் கொடுக்க வேண்டும், எதுவும் இல்லை. விலைப்பலகை எழுதுகிற இடத்தில் நான்கு வரி எழுதினால் போதும். அங்கே பெட்ரோல் போட வருகிறவர்களில் என் மாதிரி ஆட்களும் இருப்போம் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதை எழுதக் காரணம் சித்தி. எனக்கு அந்த ரஸ்க் பிடித்துப்போய் வீட்டில் எப்போதும் ஒரு பாக்கெட் இருக்கும். தீபாவளிக்கு வந்திருந்தவர் டீயில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு எங்கே வாங்கினாய் என்றார். மறைக்கத் தோன்றவில்லை, சொன்னேன். கையில் இருந்ததைத் தட்டில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அவங்களுக்குச் சம்பளம் உண்டா?" என்று கேட்டார். உண்டு சித்தி, அதில் நம்ம மாதிரி குடும்பத்துக்கென்று பிடிக்கவும் செய்கிறார்கள் என்றேன். "நமக்கு யாரும் சொல்லலையேம்மா" என்றார். அவருக்கு அந்த நாளில் ஒரு ரூபாய் வரவில்லை, இப்படி ஒன்றைக் கேட்கலாம் என்று சொல்லவும் ஒருவரும் வீட்டுப்படி ஏறவில்லை. தட்டில் வைத்த ரஸ்க்கை அவர் திரும்ப எடுக்கவில்லை. பாக்கெட்டைத் தூக்கிப் போடச் சொல்லவும் இல்லை.

போகிறவர்கள் மாலை ஐந்தரைக்கு முன்னால் போங்கள், லாக்கப் நேரத்துக்கு அவர்களை உள்ளே அழைத்துப் போய்விடுவார்கள். ரஸ்க் காலை பதினொன்றுக்கு மேல்தான் வரும். ஜீரோ பாருங்கள் என்று அவர்கள் சொல்லும்போது போனைப் பார்த்துக்கொண்டு தலையாட்டாமல், நிமிர்ந்து ஜீரோவைப் பாருங்கள்.