ஷாக் அப்சார்பர் வாங்க பார்ட் நம்பரா, அளவா?

வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே இருக்கிறது, அந்த மாடலுக்கு உதிரிபாகங்களும் கிடைக்கின்றன என்றால் அளவெடுக்கும் வேலையே வேண்டாம். பார்ட் நம்பரைக் கொண்டு வாங்குவதுதான் சிறந்த வழி. நீளம், புஷ் (முனை வளையத்துக்குள் இருக்கும் ரப்பர் உறை) அளவு மட்டுமல்லாமல், அந்த வண்டியின் எடைக்கேற்ற தணிப்பு விசையும், அதாவது ஆட்டத்தை அடக்கும் விசையும், அந்த எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது. ஒரே மாடலில்கூட ஆண்டுக்கு ஆண்டு எண் மாறும் என்பதால், சேசிஸ் எண்ணை வைத்துச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

உற்பத்தி நின்றுபோன பழைய வண்டி, உயரம் கூட்டிய ஜீப், வேறு அச்சு பொருத்திய வேன், கையால் கட்டிய டிரெய்லர் ஆகியவற்றுக்குப் பார்ட் நம்பர் உதவாது. அங்கே அளவுதான் வழி. ஆனால் எதை அளப்பது? பலர் கழற்றிய பழைய ஷாக்கை அளக்கிறார்கள். அது முன்பு யாரோ தவறாகப் பொருத்தியதாக இருக்கலாம். வண்டியையே அளப்பதுதான் நம்பகமானது. சேசிஸை ஸ்டாண்டுகளில் உறுதியாக நிறுத்தி, அச்சு முழுவதும் தொங்கும்போது மேல், கீழ் பிடிமானங்களுக்கு இடையே உள்ள தூரத்தை எடுக்க வேண்டும். பிறகு பம்ப் ஸ்டாப் ரப்பர் (அச்சு மேலேறி சேசிஸில் இடிக்காமல் தடுப்பது) நன்றாக நசுங்கும்வரை அச்சை மேலேற்றி மறுபடி எடுக்க வேண்டும். இரு முனையிலும் வளையம் என்றால் மையத்திலிருந்து மையம் வரை அளக்கலாம். தண்டு முனை என்றால் எந்த இடத்திலிருந்து அளந்திருக்கிறார்கள் என்று கேட்லாக் படத்தைப் பார்க்காமல் முடிவுசெய்யக் கூடாது.

இந்த இரண்டில், அச்சை மேலேற்றி எடுத்த மூடிய நீளமே முக்கியம். வண்டிக்கு ஏற்றது விரிந்து 540 மி.மீ., மூடி 340 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 560/360 அளவுள்ள ஷாக்கிலும் ஓட்டம் (விரிந்த, மூடிய நீளங்களின் வித்தியாசம்) அதே 200 மி.மீ.தான். ஆனால் பெரிய பள்ளத்தில் பம்ப் ஸ்டாப் வேலைசெய்யும் முன்பே ஷாக்கின் உள்ளே இடித்து, பிடிமானம் பிய்ந்துகொள்ளும். 530/330 கிடைத்தால் சக்கரம் தொங்கும் தூரத்தில் 10 மி.மீ. குறையும், சாலையில் ஓடும் வண்டிக்கு அது தாங்கக்கூடிய இழப்பு. இரட்டைக்குழாய் வகையிலிருந்து ஒற்றைக்குழாய் வாயு வகைக்கு மாறுபவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். வாயு அறைக்கும் அதைப் பிரிக்கும் பிஸ்டனுக்கும் குழாய்க்குள்ளேயே இடம் வேண்டும். அதனால் அதே ஓட்டத்துக்கு மூடிய நீளம் பெரும்பாலும் கூடிவிடும்.

புஷ் துளையை நாடாவால் அல்ல, வெர்னியர் காலிப்பரால் அளக்க வேண்டும். அரை அங்குலத் துளை 12.7 மி.மீ. அதில் 12 மி.மீ. போல்ட் சுலபமாக நுழையும், வண்டி ஓடும்போது ‘டொக் டொக்’ என்று தட்டும்.

அளவு முறையின் பெரிய குறை தணிப்பு விசை. எந்த நாடாவும் அதைச் சொல்லாது. எடை குறைந்த காருக்கும் சுமை ஏற்றும் பிக்கப்புக்கும் ஒரே நீளத்தில் ஷாக் இருக்கலாம். முதலில் அளவால் வடிகட்ட வேண்டும். தேறியவற்றில், அந்த அச்சு தாங்கும் எடையும் பொருத்தும் சாய்வும் நம் வண்டியை ஒத்த ஒன்றைத் தேட வேண்டும். சாய்வை அலட்சியம் செய்வது தவறு: செங்குத்தாக நிற்க வேண்டிய ஷாக்கை 45 பாகை சாய்த்தால் சக்கரத்தில் கிடைக்கும் தணிப்பு பாதியாகிவிடும்.

ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட்டுக்கு இந்த அளவு முறையை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். ஸ்பிரிங் உட்காரும் உயரம், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில் போல்ட் துளைகளின் இடைவெளி, சக்கரக் கோணம் எல்லாம் அதோடு பிணைந்தவை. அங்கே பார்ட் நம்பர் மட்டுமே.

பழையதையே பிரித்துச் சீல், எண்ணெய் மாற்றுவது மூன்றாவது வழி. திருகிக் கழற்றும்படி செய்யப்பட்டவற்றுக்கே அது பொருந்தும். சாதாரணக் கார்களின் ஷாக்குகள் பெரும்பாலும் மூடி முத்திரையிட்டவை.

அளவை நம்பி வாங்கினால் போல்ட்டை இறுக்கும் முன் அச்சை மேலும் கீழுமாக முழுதாக நகர்த்திப் பாருங்கள். தொங்கும் நிலையில் பிரேக் ஹோஸ் விறைத்தால் அந்த ஷாக் அதிக நீளம். எவ்வளவு தரமானதாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.