பறவை பறக்கும் நோட்டுகள்: கல்லாவிலிருந்து ஒரு அனுபவம்

சிட்னியின் மேற்குப் பக்கத்தில், நம்மூர்ச் சாமான்கள் விற்கும் ஒரு மளிகைக் கடையில் கல்லாவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆஸ்திரேலியாவின் புதிய வரிசை பாலிமர் (ஒரு வகை பிளாஸ்டிக்) நோட்டுகள் ஐந்தும் ஒவ்வொன்றாக வெளிவந்ததை இந்தக் கல்லாவிலிருந்துதான் பார்த்தேன். இப்போது கார்டைத் தட்டிவிட்டுப் போகிறவர்களே அதிகம். ஆனாலும் கருவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்க வரும் பெரியவர்கள் பலர் இன்னும் நோட்டைத்தான் நீட்டுகிறார்கள். நோட்டின் நல்லதும் கெட்டதும் கைக்குப் பழகுவதற்கு அது போதும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பார்க்க அழகு, உழைப்பில் கெட்டி, எண்ணும்போது எரிச்சல். இதில் நான் அதிகம் மதிக்கும் விஷயம், படத்தில் கண்ணுக்கே தெரியாது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

5 டாலர் நோட்டு 2016 செப்டம்பர் 1 அன்று வந்தது. 10 டாலர் 2017-இல், 50 டாலர் 2018-இல், 20 டாலர் 2019-இல், 100 டாலர் 2020-இல். ஒவ்வொன்றிலும் ஒரு வாட்டில் பூவும் உள்நாட்டுப் பறவை ஒன்றும் இருக்கும். செப்டம்பர் 1 இங்கே வாட்டில் தினம், அதனால் முதல் நோட்டுக்கு நல்ல நாள்தான். வாட்டில் நமக்கும் புதிதல்ல. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சீகை என்று சொல்கிற அந்த மரம், ஆங்கிலேயர் காலத்தில் இங்கிருந்து வந்ததுதான். அங்கே சோலைக்காட்டையும் புல்வெளியையும் விழுங்குகிறது என்று வெட்டச் சொல்கிறார்கள். இங்கே அதன் உறவுக்கார மரம் ஒன்றின் மஞ்சள் பூ தேசிய மலர். அந்தப் பூ 100 டாலர் நோட்டில் இருக்கிறது.

பறவைகளுக்கு வருவோம். 5 டாலரில் நீண்டு வளைந்த அலகோடு தேன் குடிக்கும் ஸ்பைன்பில். 10-இல் மஞ்சள் கொண்டை வெள்ளைக் காக்கட்டூ. சிட்னிவாசிகளுக்கு இதை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. குப்பைத் தொட்டி மூடியைத் தூக்கித் திறக்கப் பழகிக்கொண்ட போக்கிரி. 20-இல் குக்கபரா: சிரிப்பது போலக் கத்தும் மீன்கொத்தி இனம், ஆனால் மீனைவிடப் பூச்சியும் பல்லியும்தான் அதிகம் தின்னும். 50-இல் கருப்பு அன்னம். 100-இல் கூகை வகையைச் சேர்ந்த ஓர் ஆந்தை. இது இரவுப் பறவை. அதற்கேற்ப 100 டாலர் நோட்டும் பகலில் கடைப்பக்கம் அதிகம் வருவதில்லை. ஏ.டி.எம்.-இல் பெரும்பாலும் 20-ம் 50-ம்தான் கிடைக்கும். 100 வெளியே வருவது கல்யாண வீட்டு மொய்க்குத்தான். 101 வைக்க வேண்டுமே, அதனால் ஆந்தையோடு ஐந்து கங்காரு பொறித்த ஒரு டாலர் நாணயமும் உறைக்குள் போகும்.

இந்தப் பறவைகள் அலங்காரத்துக்கு மட்டும் என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தோம். 5 டாலர் வந்த புதிதில் அதன் நிறக் கலவையைப் பார்த்துக் கேலி செய்யாதவர்கள் குறைவு. கல்லாவில் நிற்கும்போதுதான் பறவையின் வேலை புரிந்தது. மேலிருந்து கீழ்வரை கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் பட்டைக்குள் இருக்கும் பறவை, நோட்டைச் சாய்த்தால் சிறகசைக்கும். மேல் மூலையில் இன்னொரு பறவை உருவம்; சாய்க்கும்போது அதன்மேல் நிறம் உருண்டு ஓடும். புற ஊதா விளக்கில் காட்டினால் பறவையும் அச்சிட்ட ஆண்டும் ஒளிரும். வாங்கும்போதே மணிக்கட்டை லேசாகத் திருப்பினால் சோதனை முடிந்துவிடும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வாடிக்கையாளரைச் சந்தேகமாகப் பார்க்கும் சங்கடம் இல்லை.

கள்ள நோட்டுப் பயம்தான் இந்தப் பிளாஸ்டிக் பணத்துக்கே வித்து. 1966-இல் ஆஸ்திரேலியா பவுண்டை விட்டு டாலருக்கு மாறியது. அந்த ஆண்டே கள்ளப் பத்து டாலர்கள் புழக்கத்துக்கு வந்துவிட்டன. நோட்டு வெளியிடும் ஆஸ்திரேலிய ரிசர்வ் வங்கி, அரசு அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் விஞ்ஞானிகளிடம் போனது. முதல் பாலிமர் நோட்டு 1988-இல் வந்தது, 1996-க்குள் எல்லா நோட்டும் மாறிவிட்டது. முழு வரிசையையும் பாலிமருக்கு மாற்றிய முதல் நாடு இதுதான்.

உழைப்பைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. சட்டைப்பையோடு வாஷிங் மெஷினுக்குள் போன 20 டாலர், துவைத்து வந்த துணிகளுக்கு நடுவே புதுசு போலக் கிடக்கும். மீன் வெட்டும் பகுதியிலிருந்து ஈரக் கையோடு வரும் நோட்டைத் துடைத்துப் போட்டால் போதும். சூடுதான் ஆகாது: இஸ்திரிப் பெட்டி பட்டால் சுருங்கிவிடும். இன்னொன்று, அதே இடத்தில் மடித்து மடித்து வைத்தால் மடிப்புக் கோட்டில் மை உதிரும். வெள்ளைக் கோடு விழுந்த 5 டாலர்கள் கல்லாவில் எப்போதும் இருக்கும்.

எரிச்சல் என்றேனே, அது புது நோட்டுக் கட்டில் தெரியும். வங்கியிலிருந்து வந்த புதுக் கட்டில் இரண்டு நோட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒன்று போலவே வரும். எச்சில் தொட்டு எண்ணும் பழக்கம் இங்கே உதவாது. விசிறி போலப் பிரித்து, நகத்தால் தட்டி, மேசையில் ஒவ்வொன்றாக வைத்துத்தான் எண்ண வேண்டும். நான்காக மடித்த நோட்டு இன்னொரு வகை. கல்லாப்பெட்டித் தட்டுக்குள் படுக்கவே படுக்காது, துள்ளித் துள்ளி எழும். சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது முதலில் சமாதானப்படுத்த வேண்டியது இவற்றைத்தான்.

இனி, நான் மதிக்கும் விஷயம். நோட்டின் நீண்ட ஓரங்கள் இரண்டிலும், கண்ணாடிப் பட்டைக்குப் பக்கத்தில், சிறு மேடுகள் இருக்கின்றன. 5 டாலருக்கு ஓரத்துக்கு ஒன்று, 10-க்கு இரண்டு, 20-க்கு மூன்று, 50-க்கு நான்கு, 100-க்கு ஐந்து. பழைய வரிசையில் இது கிடையாது. நீளத்தில் 7 மில்லிமீட்டர் வித்தியாசம் மட்டும்தான். கிறிஸ்துமஸ் பரிசாக வந்த பணம் எவ்வளவு என்று தெரியாமல் தவித்த கானர் மெக்லாட் என்ற பார்வையற்ற சிறுவன், கையெழுத்து இயக்கம் நடத்திக் கேட்டு வாங்கிய வசதி இது.

எங்கள் கடைக்கு யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் வருவார். கண்புரையால் பார்வை மங்கல். முன்பெல்லாம் பணப்பையை அப்படியே என் பக்கம் திருப்பி, "தம்பி, நீங்களே எடுங்கோ" என்பார். எனக்கே கூச்சமாக இருக்கும். மேடுகளைப் பற்றிச் சொல்லி, அவர் விரலைப் பிடித்து ஓரத்தில் வைத்துக் காட்டினேன். இப்போது அவரே தடவிப் பார்த்து, "இது நாலு, ஐம்பது என்ன?" என்று நீட்டுகிறார். மீதியையும் தடவித்தான் வாங்குகிறார். நான் கொடுப்பதில் நம்பிக்கை இல்லாமல் அல்ல, அது அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. அதிகம் கைமாறிய நோட்டுகளில் மேடு மழுங்கிவிடுகிறது, அதை ஒரு குறையாகச் சொல்லத்தான் வேண்டும்.

50 டாலர் நோட்டில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆஸ்திரேலிய நாடாளுமன்றங்களில் முதல் பெண் உறுப்பினரான எடித் கோவனின் முதல் உரையை அதில் பொடி எழுத்தில் அச்சிட்டார்கள். 'பொறுப்பு' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து விட்டுப்போனது. ஒரு நோட்டில் மூன்று இடம், மொத்தம் சுமார் 4.6 கோடி நோட்டு. 2019-இல் செய்தி வந்த வாரம் கடையில் எல்லோரும் பூதக்கண்ணாடி கேட்டார்கள். பிழை இருந்தாலும் நோட்டு செல்லும், மறு அச்சில் திருத்திக்கொண்டார்கள். என் கவலை வேறு: மறுபக்கம் இருக்கும் டேவிட் யுனைப்பனை, எழுத்தாளரும் கண்டுபிடிப்பாளருமான அந்த நாரின்ஜெரி இனத்து மனிதரை, அந்தச் சிரிப்பில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கிழிந்த நோட்டு பற்றி வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்பதால் இதையும் சொல்கிறேன். பாலிமர் சுலபத்தில் கிழியாது, ஆனால் ஓரத்தில் ஒரு வெட்டு விழுந்துவிட்டால் சர்ரென்று போய்விடும். 20 சதவீதத்துக்குக் குறைவாகக் காணாமல் போயிருந்தால் முழு மதிப்பும் உண்டு. 20 முதல் 80 சதவீதம் வரை போயிருந்தால் மிச்சமிருக்கும் அளவுக்கு ஏற்ற மதிப்பு. பாதி 20 டாலர் இருந்தால் 10 டாலர். 80-க்கு மேல் போயிருந்தால் ஒன்றும் இல்லை. டேப் ஒட்டிக் கடையில் தள்ளப் பார்க்காமல் வங்கிக்குக் கொண்டுபோங்கள்.

பழைய வரிசை நோட்டுகளும் செல்லும், வாங்கிக்கொள்கிறோம். 5 டாலர் மட்டும் மறுபடி மாறப் போகிறது: அதிலுள்ள எலிசபெத் ராணியின் படத்துக்குப் பதில் மன்னர் படம் வராது, இந்த மண்ணின் பூர்வகுடிகளின் பண்பாட்டைப் போற்றும் வடிவம் வரும் என்று ரிசர்வ் வங்கி 2023-இல் அறிவித்துவிட்டது. 2016-இல் புது 5 டாலரைப் பல தானியங்கி மெஷின்கள் துப்பித் தள்ளின. மெஷின் வைத்திருப்பவர்கள் இந்த முறையாவது முன்கூட்டியே மாற்றிக்கொண்டால் நல்லது, இல்லாவிட்டால் பார்க்கிங் சில்லறைக்கு எல்லோரும் எங்கள் கல்லாவுக்குத்தான் வருவார்கள்.