திருநெல்வேலியில மூண்டு போர்ஷன் வீடும் ஹோம் லோனும்

யாழ்ப்பாணத்தில இருக்கிற ஒரு தனியார் வங்கியின்ர ஹோம் லோன் பிரிவைப் பற்றித்தான் இது. வேலை செய்யிற ஆக்கள் நல்ல ஆக்கள், நடைமுறையில மட்டும் ஒரு பெரிய குறை.

நாங்கள் வாங்கப் பாத்தது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில, கம்பஸுக்கு (பல்கலைக்கழகத்துக்கு) கிட்ட ரெண்டு பரப்புக் காணியில நிக்கிற மாடி வீடு, கீழ ரெண்டு போர்ஷன் மேல ஒண்டு, மூண்டிலயும் படிக்கிற பெடியள் வாடகைக்கு இருக்கினம், அந்த வாடகையிலயே லோனைக் கட்டிப்போடலாம் எண்டுதான் வீட்டில கணக்கு. உறுதி, தோம்பு (காணிப் பதிவேட்டுப் பிரதி), சோலைவரி ரிசீற் எல்லாம் சரி.

வலுவேஷனுக்கு, அதாவது வீட்டின்ர பெறுமதியை மதிப்பிட வந்த ஐயா, பிரதேச சபை பாஸ் பண்ணின பிளானை மதில்மேல விரிச்சு வச்சிட்டு ஒவ்வொரு அறையாப் பாத்தவர். பிளானில ஒரு குசினி, உள்ளுக்க மூண்டு. ஸ்ரோர் றூம் எண்டு கீறிக் கிடக்கிற இடத்தில காஸ் அடுப்பில சோறு கொதிக்குது. வெளியால மேல ஏறுற படி பிளானிலயே இல்லை, அதுவும் ஒழுங்கைப் பக்கம் கட்டிடக் கோட்டை (இதுக்கு அங்கால கட்டக்கூடாது எண்ட எல்லையை) தாண்டி நிக்குது.

லோன் பிரிவில இருந்த தங்கச்சிக்கு முழுப் புள்ளி குடுப்பன். ஆறுதலா இருத்தி விளங்கப்படுத்தினவ. "அண்ணை, நாளைக்கு லோன் கட்டுறது நிண்டால் நாங்கள் இதை ஏலத்தில விடவேணும், அனுமதி இல்லாத பகுதியை இடிக்கச் சொன்னால் அதுக்கு என்ன பெறுமதி?" எண்டா. அதால ஒரு வீடு எண்டுதான் மதிப்பு, மற்ற ரெண்டு போர்ஷன் வாடகையும் வருமானத்தில சேராது, லோன் தொகை அப்பிடியே இறங்கிப்போச்சு. திருத்தின பிளானைப் பாஸ் பண்ணி பாஸான பிளான்படிதான் கட்டியிருக்கு எண்டு சபை குடுக்கிற இணக்கச் சான்றிதழும் எடுத்துத் தந்தால் திரும்பப் பாக்கலாமாம். நகர அபிவிருத்திப் பகுதியெண்டு அறிவிச்ச இடமெண்டால் நகர அபிவிருத்தி அதிகார சபை விதியும் வரும், குடியிருப்பெண்டு பாஸானதை விடுதியாவோ கடையாவோ மாத்தவும் அனுமதி வேணும். போர்ஷன் போர்ஷனா ஆளுக்கொண்டு வாங்கி தனித்தனிய லோன் எடுப்பம் எண்டு நினைக்கிற ஆக்களுக்கும் சொல்லுறன், ஒரே உறுதியில அது ஏலாது, 1973ஆம் ஆண்டு 11ஆம் இலக்க மாடி வீட்டு உடைமைச் சட்டத்தின்படி கொன்டோமினியம் பிளான் (ஒரே கட்டிடத்தைத் தனித்தனி உடைமையாப் பிரிச்சுக் காட்டுற பிளான்) பதிஞ்சால்தான் ஒவ்வொண்டுக்கும் தனி உறுதி வரும்.

இனிக் குறை. விண்ணப்பம் குடுத்த அண்டைக்கு உறுதியும் சம்பளச் சிட்டையும்தான் கேட்டவை. பாஸான பிளானில எத்தினை வீடு, இணக்கச் சான்றிதழ் இருக்கோ எண்டு அப்பவே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வலுவேஷன் காசு மிஞ்சியிருக்கும். அந்தக் காசு திரும்பி வராது. வெளிநாட்டில இருந்து காசு அனுப்பி இங்க மாடி கட்டி, போர்ஷன் பிரிச்சு விட்ட வீடுகள் எவ்வளவு கிடக்கு, அதை வாங்கப் போற சனம் எல்லாம் வங்கியை நம்பித்தான் அட்வான்ஸ் குடுக்குதுகள், இந்தக் கேள்வியை முதல் நாள் படிவத்திலயே போடுங்கோ எண்டு மனேச்சரிட்டயும் எழுதிக் குடுத்திருக்கிறன்.

வீட்டுக்காரர் படியை உடைச்சு உள்பக்கமா மாத்திறன், பிளானும் போடுறன் எண்டு சொல்லியிருக்கிறார். சான்றிதழ் கைக்கு வந்தால் அதே வங்கிக்குத்தான் போவன், அந்தத் தங்கச்சிக்காகவே.