அகதி முகாமில் மூவாக் நாடா: ஒரு மதிப்பீடு

எல்லையைக் கடந்து ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் வந்து சேரும் முகாமில், ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளை விரைவாகக் கண்டறிய, மேல்கையின் நடுப்பகுதிச் சுற்றளவை அளக்கும் மூவாக் (MUAC) நாடாவை விஞ்சிய கருவி இல்லை என்றே சொல்வேன். எடையையும் உயரத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதென்றால் சமதரை, தராசு, உயரப்பலகை, குழந்தையைப் பிடித்துக்கொள்ள இருவர், கடைசியில் ஓர் அட்டவணை என இத்தனையும் வேண்டும். இந்த நாடாவுக்கோ, பதிவு வரிசையில் நிற்கும் தாயின் இடுப்பிலிருந்து குழந்தையை இறக்கக்கூட வேண்டியதில்லை.

6 முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தையின் இடது கை தளர்ந்து தொங்க, தோள்பட்டை நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி, அதிலுள்ள சிறு திறப்பில் தெரியும் அளவைப் படிக்க வேண்டும். 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு, அதாவது கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு, அங்கிருந்து 12.5 செ.மீ.க்குள் மஞ்சள், அதற்கு மேல் பச்சை. இறுக்கிப் பிடித்தால் சதை அமுங்கி மஞ்சள் சிவப்பாகிவிடும். தளரவிட்டாலோ, சிகிச்சை தேவைப்படும் குழந்தை பச்சை என்று திருப்பி அனுப்பப்படும். சில மில்லிமீட்டரில் முடிவே மாறிவிடுவதால், எளிய கருவிதானே என்று பயிற்சியைத் தவிர்ப்பது தவறு. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2009இல் சிவப்பின் எல்லையை 11 செ.மீ.யிலிருந்து 11.5க்கு உயர்த்தின, அதற்கு முந்தைய நாடாக்கள் எந்தக் கிடங்கிலாவது கிடந்தால் தயங்காமல் எறிந்துவிடலாம்.

பச்சையைக் கண்டதும் நிம்மதியடைய முடியாது என்பதே இதன் பெரிய குறை. கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாட்டால் இரு பாதங்களிலும் நீர் கோத்து வீங்கிய குழந்தையின் கை பச்சையையே காட்டக்கூடும். கட்டைவிரலால் பாதத்தை அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்க்காமல் எந்தக் குழந்தையையும் அனுப்பக் கூடாது. உயரத்துக்கேற்ற எடை இல்லாத குழந்தைகள் சிலரும் நாடாவுக்குத் தப்பிவிடுவார்கள். ஆறு மாதம் நிறையாத சிசுக்களுக்கு இந்த நிற எல்லைகள் பொருந்தா.

இருந்தும், எழுத்தறியாத தாயும் தானே அளந்து பார்க்க முடிவது வேறு எந்தக் கருவிக்கும் எளிதில் வாய்க்காத சிறப்பு. இடம்விட்டு இடம் பெயர்ந்துகொண்டே இருக்கும் குடும்பம் அடுத்த மருத்துவ முகாம் வரும்வரை காத்திருக்காமல், நிறம் மாறியவுடன் உதவி தேடிச் செல்லலாம். ஆனால் தேடிச் செல்லும் இடத்தில் சிகிச்சை இருக்க வேண்டும். சிவப்பு காட்டும் குழந்தைக்கு வேறு சிக்கல் இல்லாமல் பசியும் இருந்தால், 92 கிராம் பொட்டலத்தில் 500 கிலோகலோரி தரும் சிகிச்சை உணவை வீட்டிலேயே ஊட்டலாம். அந்தப் பொட்டலங்களுக்கு ஏற்பாடு செய்யாமல் நாடாக்களை மட்டும் கட்டுக்கட்டாக அனுப்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.