கோர்செராவில் தொற்றுநோய் மாதிரியாக்கம்: கணிதம் படித்தவர்கள் அவசியம் எடுக்கலாம்

எம்.எஸ்சி. கணிதம் முடித்தவர்களிடம் அடுத்து என்ன என்று கேட்டால் பி.எட்., வங்கித் தேர்வு, ஐ.டி. என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். நோய் எப்படிப் பரவும் என்று கணக்குப் போடுவதையே முழுநேர வேலையாகச் செய்யலாம் என்று கல்லூரியில் எனக்கு யாரும் சொன்னதில்லை. அந்த வேலை எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் கோர்செரா என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் லண்டன் இம்பீரியல் கல்லூரி நடத்தும் இந்தப் படிப்பில் சேர்ந்தேன். மொத்தம் மூன்று கோர்ஸ்.

முதலாவதில் எஸ்.ஐ.ஆர். மாதிரி. நோய் வரக்கூடியவர்கள், நோயோடு இருப்பவர்கள், குணமானவர்கள் என்று மக்களைப் பிரித்து வகைக்கெழுச் சமன்பாடு எழுத வேண்டும். 1927-இல் கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் போட்ட அடித்தளம் இது. (மெக்கென்ட்ரிக் நம் இமாச்சலப் பிரதேசத்தின் கசௌலி பாஸ்டர் நிறுவனத்தில் இருந்தவர். கெர்மாக் 1924-இல் ஆய்வக விபத்தில் பார்வையை இழந்த பிறகு செய்த வேலை இது என்பதை நினைத்தால் இப்போதும் மலைப்பாக இருக்கிறது.) கணிதம் படித்தவர்களுக்கு இந்தப் பகுதி சுலபம், ஆர் (R) என்ற நிரல்மொழி புதிது என்றால்தான் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

இரண்டாவது கோர்ஸுக்காகவே இந்தப் படிப்பை எடுக்கலாம். சமன்பாட்டைத் தீர்ப்பதோடு பரீட்சையில் நம் வேலை முடிந்துவிடும், இங்கே அதற்கப்புறம்தான் வேலையே ஆரம்பிக்கிறது: கையில் இருப்பது தினசரி நோயாளிகளின் எண்ணிக்கை, அதுவும் முழுசாகப் பதிவாகாத எண்ணிக்கை, அதை வைத்து நோய் எவ்வளவு வேகமாகத் தொற்றுகிறது, எத்தனை நாளில் குணமாகிறது என்று பின்னோக்கிக் கண்டுபிடிக்க வேண்டும். இதைப் படித்த தெம்பில், 1978-இல் இங்கிலாந்தில் 763 மாணவர்கள் இருந்த ஒரு விடுதிப் பள்ளியில் பரவிய ஃப்ளூவின் தரவை எடுத்து நானே பொருத்திப் பார்த்தேன். ஆர் நாட் (R₀) என்ற எண் 3.7 பக்கம் வந்தது, அதாவது யாருக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாத நிலையில் ஒரு நோயாளி சராசரியாகக் கிட்டத்தட்ட நான்கு பேருக்குத் தொற்ற வைப்பார். ஒன்றிலிருந்து இந்த 3.7-இன் தலைகீழியைக் (1/3.7) கழித்தால் 0.73; பரவலை நிறுத்த இந்தப் பங்கினருக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால் போதும். முழுப் பாதுகாப்புத் தரும் தடுப்பூசி ஒன்று இருந்திருந்தால் 73 சதவீத மாணவர்களுக்குப் போட்டாலே பரவாமல் தடுத்திருக்கலாம். நாம் போட்ட கணக்கு இப்படி ஒரு முடிவாக வந்து நிற்பதைப் பார்க்கும்போது கிடைக்கும் நிறைவே தனி.

மூன்றாவதில் தற்செயல் மாற்றங்கள், வயதுவாரித் தொடர்புகள், கொசுவால் பரவும் நோய்கள் எல்லாம் வருகின்றன. கொசுவை முழுவதும் ஒழிக்கத் தேவையில்லை, ஓர் அளவுக்குக் கீழே குறைத்தாலே மலேரியா அடங்கிவிடும் என்று மலேரியா கொசுவால் பரவுவதைக் கண்டுபிடித்த ரொனால்ட் ராஸ் கணிதத்தால் காட்டிய விஷயத்துக்கு இன்னும் நிறைய இடம் கொடுத்திருக்கலாம்.

தேற்றம், நிறுவல் எதிர்பார்ப்பவர்களுக்கு இது சரிப்படாது. சான்றிதழை மட்டும் வைத்து வேலையும் கிடைக்காது, இந்தத் துறையில் பெரும்பாலும் பிஎச்.டி. வேண்டும். அதற்கு லண்டனுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. கொரோனா சமயத்தில் இந்தியாவின் ஆர் எண்ணை (அந்தந்த நேரத்தில் ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்ற வைக்கிறார் என்பதை) தொடர்ந்து கணக்கிட்டு வந்த சிதாப்ர சின்ஹா இருப்பது சென்னை தரமணியில், கணித அறிவியல் நிறுவனத்தில். பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கும் யோசனை இருந்தால் அதற்கு முன் இரண்டாவது கோர்ஸ் வரையாவது முடித்துவிடுங்கள்.